இதயப் படமும் மூளைப் படமும் போட்ட புட்டிகள்: சிங்கப்பூர் மருந்துக்கடை அலமாரி, ஒரு மதிப்பீடு

கார்டியன், வாட்சன்ஸ், யூனிட்டி என்று எந்தக் கடைக்குள் நுழைந்தாலும், தேக்காவிலிருந்து நடந்து சையது ஆல்வி சாலை முஸ்தஃபாவுக்கே போனாலும், ஊட்டச்சத்து மாத்திரைகளுக்கென்று ஒரு சுவர் ஒதுக்கியிருப்பார்கள். சிவப்பு இதயம் வரைந்த புட்டிகள் ஒரு தட்டில், மூளை வரைந்தவை அடுத்த தட்டில். வயதான அப்பா அம்மாவுக்காகப் பிள்ளைகள் வாங்கிப்போவது இங்கிருந்துதான். அந்தப் புட்டிகளுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது, எந்த அளவில் கொடுத்தபோது ஆய்வுகள் என்ன கண்டன, யாருக்குப் பயன், யாருக்குப் பணம் வீண் என்பதைத்தான் இங்கே எடைபோடுகிறோம்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டும். "சிங்கப்பூரில் விற்கிறார்கள் என்றால் அரசாங்கம் சோதித்திருக்கும்" என்று பலர் நினைக்கிறார்கள். மருந்துக்கு அது பொருந்தும். ஊட்டச்சத்துப் பொருள்களுக்குச் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் முன் அனுமதி தேவையில்லை. பாதுகாப்புக்கும் தரத்துக்கும் விற்பவரே பொறுப்பு. நோயைக் குணப்படுத்தும், தடுக்கும் என்று சொல்லி விற்கக் கூடாது என்ற விதியும் உண்டு. அதனால்தான் "இதய நலனுக்குத் துணை", "நினைவாற்றலுக்கு ஆதரவு" என்று பிடிகொடுக்காத சொற்களாகப் பார்க்கிறீர்கள். ஆஸ்திரேலியப் புட்டிகளில் காணும் ஆஸ்ட் எல் எண்ணும் அப்படித்தான். அது பட்டியலிடப்பட்ட, ஆபத்துக் குறைந்த பொருள் என்பதற்கான அடையாளம். பலன் உண்டா என்று அந்நாட்டு அரசு முன்கூட்டியே ஆராய்ந்தது என்பது அதன் பொருளல்ல. ஆஸ்ட் ஆர் என்ற எண்தான் முழு ஆய்வுக்குப் பின் கொடுக்கப்படுவது.

மீன் எண்ணெய்: பின்பக்கத்தைத் திருப்புங்கள்

அலமாரியில் அதிக இடம் பிடித்திருப்பது மீன் எண்ணெய் என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். முன்பக்கத்தில் பெரிதாக 1000 மி.கி. என்று போட்டிருக்கும். அது எண்ணெயின் மொத்த எடை. வேலை செய்யும் பொருள்கள் இரண்டு: இபிஏ, டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்புகள். புட்டியைத் திருப்பிப் பாருங்கள். சாதாரண வகையில் இபிஏ 180, டிஎச்ஏ 120, ஆக 300 மி.கி.தான். மீதி 700 வேறு கொழுப்பு. பெரிய ஆய்வுகளில் தினமும் கொடுத்தது 840 மி.கி. அந்த அளவை எட்டச் சாதாரண மாத்திரை மூன்று வேண்டும். ஒன்று மட்டும் போட்டுக்கொள்பவருக்கு ஆய்வில் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குதான் சேர்கிறது.

விலையையும் இதே கணக்கில் பார்க்க வேண்டும். 200 மாத்திரை உள்ள சாதாரணப் புட்டி 30 வெள்ளி, 60 மாத்திரை உள்ள செறிவூட்டிய புட்டி 27 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் 200 பெருக்கல் 0.3, அதாவது 60 கிராம் ஒமேகா-3. கிராமுக்கு 50 காசு. இரண்டாவதில் மாத்திரைக்கு 600 மி.கி. என்றால் மொத்தம் 36 கிராம். கிராமுக்கு 75 காசு. செறிவூட்டியது விழுங்க எளிது, மீன் வாடை ஏப்பமும் குறையும். அந்த வசதிக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் தவறில்லை, ஆனால் எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கலாம். கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிரியின் எண்ணெயில் இதே கணக்கைப் போட்டால் பெரும்பாலும் விலை பல மடங்காகிவிடும். ஒரு மாத்திரையில் உள்ள இபிஏ, டிஎச்ஏ அவ்வளவு குறைவு. காட் மீன் ஈரல் எண்ணெய் வேறு பொருள். அதில் வைட்டமின் ஏ இருக்கிறது. ஒமேகா-3 போதவில்லை என்று எண்ணிக்கையைக் கூட்டினால் வைட்டமின் ஏ மிகுந்து ஈரலுக்கும் எலும்புக்கும் கேடு வரும். கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது.

சரி, பலன்? 1999இல் இத்தாலியில் மாரடைப்பிலிருந்து மீண்ட 11,324 பேரிடம் நடந்த ஆய்வில், தினமும் ஒரு கிராம் செறிவூட்டிய எண்ணெய் எடுத்தவர்களிடம் இறப்பு குறைந்தது. மீன் எண்ணெயின் புகழ் அங்கிருந்து வளர்ந்ததுதான். ஆனால் அந்தக் காலத்தில் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை இன்றுபோல் பரவியிருக்கவில்லை. பிறகு 2018இல் இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவு வந்தது. அசெண்ட் என்ற பிரிட்டிஷ் ஆய்வு இதயநோய் இல்லாத 15,480 நீரிழிவு நோயாளிகளை ஏழு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தது. கடுமையான இதய, இரத்தக்குழாய்ப் பாதிப்பு, மீன் எண்ணெய் எடுத்தவர்களில் 8.9 சதவீதம், ஒப்பிடுவதற்காக மருந்தில்லாப் போலி மாத்திரை எடுத்தவர்களில் 9.2 சதவீதம். வேறுபாடு இல்லை என்றே பொருள். வைட்டல் என்ற அமெரிக்க ஆய்வில் 25,871 பேர். அதிலும் முதன்மை முடிவு வெறுங்கை. ஆனால் மாரடைப்பை மட்டும் தனியே பார்த்தபோது 28 சதவீதம் குறைந்திருந்தது. வாரத்துக்கு ஒன்றரைப் பங்கு மீன்கூடச் சாப்பிடாதவர்களிடமே நன்மை தெரிந்தது.

இது ஆய்வின் முக்கியக் கேள்விக்கான விடையல்ல, இரண்டாம் நிலை முடிவு. இதை வைத்து உறுதி கொடுக்க முடியாது. இருந்தாலும் நம் வீட்டுச் சமையலறைக்கு நேரடியாகப் பொருந்துகிறது. வாரத்தில் இரண்டு நாள் தேக்காவில் கானாங்கெளுத்தியோ மத்தியோ வாங்கிக் குழம்பு வைக்கும் வீட்டுக்கு இந்தப் புட்டி தேவையில்லை. டின் சார்டின் சம்பலும் கணக்கில் சேரும், ஆனால் உப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க இதயச் சங்கமும் வாரம் இருமுறை மீன், முக்கியமாகக் கொழுப்புள்ள மீன் என்றுதான் சொல்கிறது. குழம்பும் ஆவியில் வேகவைப்பதும் நல்லது. ஆழ எண்ணெயில் பொரித்தால் மீனின் நன்மையைப் பொரித்த எண்ணெய் தின்றுவிடும். மீனே சாப்பிடாதவர்களுக்கு, குறிப்பாக மாரடைப்பு அபாயம் கூடுதலாக உள்ள இந்திய வம்சாவளியினருக்கு, நாளுக்கு ஒரு கிராம் ஒமேகா-3ஐத் தாண்டாத அளவு என்றால் யோசிக்கலாம்.

ஒரு கிராமைத் தாண்டாத என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஏழு ஆய்வுகளில் இருந்த 81,210 பேரைச் சேர்த்துப் பார்த்த 2021ஆம் ஆண்டுத் தொகுப்பில், ஒமேகா-3 எடுத்தவர்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற இதயத்துடிப்பு வரும் வாய்ப்பு 25 சதவீதம் கூடியிருந்தது. ஒரு கிராமுக்கு உட்பட்டவர்களிடம் 12 சதவீதம். தாண்டியவர்களிடம் 49 சதவீதம். அந்தத் துடிப்புக் கோளாறு பக்கவாதத்துக்கு வழிவிடுவது. இதயத்துக்கு நல்லது என்று நினைத்து ஐந்தாறு மாத்திரையாக ஏற்றிக்கொள்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே அந்தக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

"அமெரிக்காவில் 25 சதவீதம் குறைந்ததாமே" என்று சிலர் கேட்பார்கள். அது ரெட்யூஸ்-இட் ஆய்வு. கொடுத்தது கடை மாத்திரையல்ல, மருத்துவர் சீட்டில் மட்டும் கிடைக்கும் தூய இபிஏ மருந்து, நாளுக்கு 4 கிராம். பங்கேற்றவர்கள் ஸ்டாட்டின் எடுத்தும் டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு கூடியிருந்த 8,179 பேர். பாதிப்பு 22.0 சதவீதத்திலிருந்து 17.2 ஆனது. ஒப்பீட்டுக் குழுவுக்குக் கொடுத்த கனிம எண்ணெயே அவர்கள் நிலையைச் சற்று மோசமாக்கியிருக்கலாம் என்ற சர்ச்சை இன்னும் தீரவில்லை. அதே 4 கிராம் அளவில் இபிஏ, டிஎச்ஏ இரண்டையும் கலந்து 13,078 பேரிடம் சோதித்த ஸ்ட்ரெங்த் ஆய்வு பலன் இல்லையென்று 2020இல் பாதியிலேயே நின்றது. டிரைகிளிசரைடு மிகுந்திருப்பவர்கள் கடை மாத்திரையைப் பெருக்கிக்கொள்வது சிகிச்சையாகாது.

நம் வானிலையில் இன்னொரு தொல்லை உண்டு. மீன் எண்ணெய் வெப்பத்திலும் காற்றிலும் சிக்கெடுத்துப்போகும். வருடம் முழுக்க 30 டிகிரியைத் தொடும் ஊரில் புட்டியை அடுப்பு மேல்தட்டிலோ காரிலோ வைத்தால் காலாவதித் தேதிக்கு அர்த்தமில்லை. பெரிய புட்டி மலிவு என்று வாங்கி ஒரு வருடம் வைத்திருப்பதைவிட மூன்று மாதத்தில் தீரும் அளவே நல்லது. திறந்ததும் குளிர்பெட்டியில் வையுங்கள். மாதம் ஒருமுறை ஒரு மாத்திரையைக் கத்தரித்து முகர்ந்து பாருங்கள். இலேசான கடல் வாடை சரி. பழைய பெயின்ட், கெட்ட நல்லெண்ணெய்போல் நெடி வந்தால் புட்டியையே தூக்கி எறியுங்கள். எலுமிச்சை மணம் சேர்த்த வகையில் இந்தச் சோதனை ஏமாற்றும். காலையில் வெறும் வயிற்றில் கறுப்புக் காப்பியோடு விழுங்குவதும் வீண். எத்தில் எஸ்டர் என்ற வடிவில் உள்ள ஒமேகா-3 கொழுப்பில்லாத வயிற்றில் சரியாக உறிஞ்சப்படாது. மதியச் சாப்பாட்டோடு எடுப்பதே முறை.

மேலோட்டைப் பற்றியும் கேட்டறிய வேண்டும். பெரும்பாலான மென்மாத்திரைகளின் ஓடு ஜெலட்டின். அது மாட்டினதா, பன்றியினதா, மீனினதா என்பது எல்லாப் புட்டியிலும் தெளிவாக இருக்காது. முஸ்லிம்கள் ஹலால் முத்திரையையும், மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் சைவர்களும் மூலப்பொருள் வரியையும் பார்க்கட்டும். சைவர்களுக்குப் பாசி எண்ணெய் உண்டு. மீன்களுக்கே ஒமேகா-3 பாசியிலிருந்துதான் வருகிறது. ஆளிவிதை எண்ணெய் அதற்கு மாற்றல்ல. அதிலுள்ள ஏஎல்ஏ என்ற தாவர ஒமேகா-3ஐ உடல் இபிஏ, டிஎச்ஏவாக மாற்றும் அளவு மிகச் சொற்பம்.

மூளைக்கு? டிஎச்ஏ மூளையில் நிறைய இருப்பது உண்மை. விழுங்கினால் மறதி நிற்கும் என்பது அதிலிருந்து தானாக வந்துவிடாது. அல்ஸைமர் நோயாளிகள் 402 பேரிடம் நடந்த ஆய்வில் தினமும் 2 கிராம் டிஎச்ஏ 18 மாதம் கொடுத்தும் சரிவு குறையவில்லை. பிரான்சில் மறதி பற்றிக் கவலைப்பட்ட 1,680 முதியவர்களிடம் மூன்று ஆண்டு நடந்த ஆய்விலும் பலன் தெரியவில்லை. சிங்கப்பூரிலேயே 55 வயதைத் தாண்டிய 1,475 சீனர்களைத் தொடர்ந்ததில், ஒமேகா-3 மாத்திரை எடுத்தவர்களின் நினைவாற்றல் குறைவாகவே சரிந்தது. அது மாத்திரை கொடுத்துச் சோதிக்காமல் கவனிக்க மட்டும் செய்யும் கூர்நோக்கு ஆய்வு. மாத்திரை வாங்கிச் சாப்பிடுபவர் படித்தவராக, நடைப்பயிற்சி செய்பவராக, மருத்துவரைப் பார்ப்பவராகவும் இருப்பார். எது காரணம் என்று அதில் பிரிக்க முடியாது. 2006இல் இங்கே 1,010 முதியவர்களிடம் மஞ்சள் சேர்ந்த மசாலாக் கறி அதிகம் சாப்பிட்டவர்கள் நினைவுத் தேர்வில் மேலாக இருந்ததாக வந்த ஆய்வையும் அதே கண்ணால் பாருங்கள். மஞ்சள் மாத்திரை விற்க அது ஆதாரமாகாது.

பி12: இந்தச் சுவரிலேயே உருப்படியான புட்டி

மூளைப் படம் இல்லாமல் கீழ்த்தட்டில் சின்னதாகக் கிடக்கும் பி12 மாத்திரைக்குத்தான் நம் வீடுகளில் உண்மையான தேவை இருக்கிறது. பி12 இயற்கையாக விலங்கு உணவில் மட்டுமே உண்டு. பால், தயிர் சேர்க்கும் சைவர்களுக்குக் கொஞ்சம் கிடைக்கும். அதையும் தவிர்ப்பவர்களுக்கு இல்லை. இதன்மேல் நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் சேர்ந்தால் குறைபாடு வர வாய்ப்பு கூடுகிறது, ஏனென்றால் அந்த மருந்து பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. 2022இல் பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு இதை எச்சரிக்கையாகவே வெளியிட்டது. நெஞ்செரிச்சலுக்கு வருடக்கணக்கில் ஒமெப்ரசோல் எடுப்பவர்களும் இதே வரிசையில் வருவார்கள்.

குறைபாடு மறதியாக, தடுமாற்றமாக, மனச்சோர்வாக, காலில் மரத்துப்போதலாகத் தெரியும். "வயசாயிடுச்சு", "சக்கரை நரம்பைத் தின்னுது" என்று விட்டுவிடுகிறார்கள். பிடித்துச் சரிசெய்தால் தேறக்கூடிய மறதிகளில் இது ஒன்று. தாமதித்தால் நரம்புச் சேதம் நிரந்தரமாகும். பலதுறை மருந்தகத்தில் சர்க்கரைக்கு இரத்தம் எடுக்கும்போதே பி12ஐயும் பார்க்கலாமா என்று கேளுங்கள். ஊகித்து விழுங்குவதைவிட அது மேல். பரிசோதனைக்கு முன்பே மாத்திரை தொடங்கினால் அளவு உயர்ந்து காட்டி உண்மையை மறைத்துவிடும்.

அளவு பார்த்துப் பயப்பட வேண்டாம். நாள் தேவை 2.4 மைக்ரோகிராம்தான், மாத்திரையில் 500, 1000 என்று இருக்கும். வயிறு சுரக்கும் உள்ளார்ந்த காரணி என்ற புரதத்தின் துணையில்லாமல் நேரடியாக உறிஞ்சப்படுவது ஒரு சதவீதம் அளவே. 1000 விழுங்கினால் 10 சேரும், அது போதும்.

மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. "நரம்புக்கு" என்று விற்கும் பி கலவை மாத்திரைகளில் பி12ஓடு பி6 100 மி.கி., 200 மி.கி. என்று சேர்த்திருப்பார்கள். பி6 அதிக அளவில் மாதக்கணக்கில் போனால் அதுவே பாதத்தில் எரிச்சலையும் மரத்துப்போதலையும் உண்டாக்கும். எரிச்சலுக்காகத் தொடங்கிய மாத்திரை எரிச்சலைக் கூட்ட, இன்னும் ஒன்று கூட்டிப் போடுகிறார்கள். பி12 மட்டும் உள்ளதை வாங்குங்கள். ஃபோலிக் அமிலம் மட்டும் எடுப்பதும் ஆபத்து: இரத்தசோகை மறையும், நரம்புச் சேதம் உள்ளே தொடரும்.

குறைபாடு இல்லாதவருக்கு பி வைட்டமின் மூளையைக் காக்குமா? பக்கவாதம் வந்த 8,164 பேரிடம் நடந்த விட்டாடாப்ஸ் ஆய்வில் சிங்கப்பூரும் பங்கேற்றது. 2010இல் வந்த முடிவு: உறுதியான பலன் இல்லை. அதே ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டில் இலேசான மறதி உள்ளவர்களுக்கு இரண்டாண்டு பி12, பி6, ஃபோலிக் அமிலம் கொடுத்து, 168 பேருடைய மூளை ஸ்கேனை ஒப்பிட்டதில் மூளை சுருங்கும் வேகம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் மிகுந்தவர்களிடம் இன்னும் தெளிவாக. நம்பிக்கையூட்டுகிறது, ஆனால் சிறிய ஆய்வு; ஹோமோசிஸ்டீன் அளவு தெரியாமல் அதைப் பின்பற்ற முடியாது.

கொழுப்பைக் குறைப்பதாகச் சொல்பவை

2022இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 190 பேரை 28 நாள் ஒப்பிட்டது. ரோசுவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மருந்தை 5 மி.கி. எடுத்தவர்களின் எல்டிஎல், அதாவது கெட்ட கொழுப்பு, 37.9 சதவீதம் இறங்கியது. மீன் எண்ணெய், இலவங்கப்பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டெரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி ஆகிய ஆறில் எதுவும் போலி மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. பூண்டு எடுத்தவர்களிடம் சற்று ஏறியது. ரோசுவாஸ்டாட்டின் தயாரிக்கும் நிறுவனமே பணம் கொடுத்த ஆய்வு, நாள்களும் குறைவு என்பதைக் கணக்கில் வைத்தாலும், ஸ்டாட்டினை நிறுத்திவிட்டு இவற்றுக்கு மாறுவது சரியான யோசனை அல்ல.

சிவப்பு ஈஸ்ட் அரிசியை நாங்கள் பரிந்துரைக்கவே மாட்டோம். அதிலுள்ள மொனாகோலின் கே வேதியியலில் லோவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மருந்தேதான். புட்டிக்குப் புட்டி அளவு மாறும். சிட்ரினின் என்ற சிறுநீரக நச்சும் கலந்திருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் நாளுக்கு 3 மி.கி.க்குக் கீழ் என்று கட்டுப்படுத்தியது. 2024இல் ஜப்பானில் இப்பொருள் எடுத்த பலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டுப் புட்டிகள் திரும்பப் பெறப்பட்டன. ஏற்கெனவே ஸ்டாட்டின் எடுப்பவர் இதையும் எடுத்தால் இரட்டை ஸ்டாட்டின்; தசைச் சேதம் வரலாம்.

இசப்கோலுக்கு எங்கள் முழு ஆதரவு. முஸ்தஃபாவிலும் சிராங்கூன் சாலைக் கடைகளிலும் கிடைக்கும் சாதாரண இசப்கோல் விதை உமிதான். நாளுக்கு 7 கிராம் கரையும் நார், அதாவது உமியாக ஏறக்குறைய 10 கிராம், எல்டிஎல்லை 5 முதல் 10 சதவீதம் இறக்கும். மேசைக்கரண்டி ஒன்றில் 5 கிராம் வாக்கில் இருக்கும். சமையல் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் ஒரு தேக்கரண்டியில் தொடங்கினால் வயிற்று உப்புசம் இருக்காது. ஒவ்வொரு முறையும் பெரிய குவளை நிறையத் தண்ணீர், கலந்தவுடன் குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் தொண்டையில் பசையாக அடைக்கும், விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. மற்ற மருந்துகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரைக்கு இன்னும் கூடுதலாக. ஆரஞ்சு சுவை சேர்த்த வகையில் சர்க்கரை இருக்கிறதா என்று பாருங்கள்.

மீதியைச் சுருக்கமாக. கிங்கோ மர இலைச்சாறு: 75 வயதைத் தாண்டிய 3,069 பேர், நாளுக்கு 240 மி.கி., ஆறு ஆண்டு, மறதிநோய் குறையவில்லை. இரத்தக்கசிவு அபாயம் மட்டும் மிச்சம், வாங்க வேண்டாம். உடலே தயாரிக்கும் கோஎன்சைம் கியூ10 என்ற பொருள்: இதயச் செயலிழப்பு உள்ள 420 பேரிடம் 300 மி.கி. அளவில் நல்ல முடிவு வந்தது, அவர்களும் இதய மருத்துவரைக் கேட்டே எடுக்கட்டும். ஸ்டாட்டின் தசைவலிக்கு ஆதாரம் வலுவில்லை. முதியவர்களுக்கான மல்டிவைட்டமின் மாத்திரை: காஸ்மாஸ் என்ற ஆய்வின் கிளைகளில் நினைவாற்றலில் சிறிய முன்னேற்றம் தெரிந்தது, முன்பு ஆண் மருத்துவர்கள் 5,947 பேரிடம் நடந்த நீண்ட ஆய்வில் தெரியவில்லை. விலை குறைவு, தீங்கும் சொற்பம். சாப்பாடு குறைந்துபோன தாத்தா பாட்டிக்கு வாங்கலாம். இதயத்துக்கு என்று எண்ணி வாங்க வேண்டாம்.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்குக் கடைசித் தட்டு முழுவதும் கண்ணிவெடி. கிங்கோ கசிவைக் கூட்டும், கோஎன்சைம் கியூ10 மருந்தின் வேகத்தைக் குறைக்கும். பல் பிடுங்கப் போனாலும் அறுவைச் சிகிச்சைக்குப் போனாலும் புட்டிகளை ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பெயர் சொன்னால் போதாது, அளவு லேபிளில்தான் இருக்கிறது.

முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் பயோட்டினையும் அந்தப் பையில் மறக்காமல் போடுங்கள். நாள் தேவை 30 மைக்ரோகிராம். புட்டியில் 5,000, 10,000 என்று இருக்கும். மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் இரத்தப் பரிசோதனையின் சில வகைகளில் அது அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் இதற்கு எச்சரிக்கை விட்டது, இப்படித் தவறான முடிவு வந்த ஒருவர் இறந்தும்போனார். நெஞ்சுவலி என்று 995ஐ அழைத்து அவசரப் பிரிவுக்குப் போகும் நிலை வந்தால், இரத்தம் எடுக்கும் முன்பே பயோட்டின் எடுப்பதைச் சொல்லிவிடுங்கள்.